சமையல் குழு யார் கையில்?

ஏப்ரல் பாதி வந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் சம்மர் கேம்ப் தட்டி ஏறிவிடும். அபாகஸ், கீபோர்டு, ஸ்கேட்டிங், ‘ஆளுமை வளர்ச்சி’. காலையில் விட்டால் மதியம் கூட்டிவந்துவிடலாம். பிள்ளை அங்கே தங்குவதில்லை, சமைப்பதில்லை, கூட இருப்பவனோடு சண்டைபோட்டுச் சமாதானமாக அதற்கு நேரமும் இல்லை. கட்டணம் கட்டிய டியூஷன்தான், வெயில்காலத்துக்கு வந்திருக்கிறது.

இலங்கையில் இந்த வியாபாரத்துக்கு இடம் குறைவு. நீண்ட கோடை விடுமுறை அங்கே கிடையாது. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று தவணைக்கொரு விடுமுறை. அதைவிட, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்கள்தான் அங்கே இளையோருக்குக் கிடைத்துவந்த பெரிய இடைவெளி.

வீட்டை விட்டுத் தங்கும் முகாம் என்றால் நம் பக்கத்தில் நாட்டு நலப்பணித் திட்டம் என்ற என்.எஸ்.எஸ். 1969இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கியது. தத்தெடுத்த கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழு நாள் படுக்கை. பகலில் சீமைக் கருவேலம் வெட்டுவார்கள், கால்வாய் தூர் வாருவார்கள், மாலையில் விழிப்புணர்வு நாடகம் போடுவார்கள். வெட்டிய கருவேலம் அடுத்த மழைக்கு மறுபடி துளிர்த்துவிடும், அது போகட்டும். ஐம்பது பேருக்கு வைத்த சாம்பார் முப்பது பேரோடு தீர்ந்துபோகும் இரவில் சமையல் குழுவில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பெண் என்ன செய்கிறாள் என்பதில்தான் முகாமின் பயன் இருக்கிறது. கடைக்கு ஆள் அனுப்ப வேண்டும், பசித்தவனிடம் பேச வேண்டும், கணக்கில் எழுத வேண்டும். முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பதற்றத்தைக் கையாளுதல் என்று உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்களில் அடுக்கும் பாதி அந்த ஒரு மணி நேரத்தில் வந்துபோகும். இந்தத் திறன்களைப் பாடமாகவே நடத்தும் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் 1993 முதல் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. 2012இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது.

ஆனால் என்.எஸ்.எஸ். முகாமின் கடிவாளம் திட்ட அலுவலர் கையில். அவர் ஒரு பேராசிரியர். அவர் விட்டுக்கொடுத்தால் மாணவர் முடிவெடுப்பார். இல்லையென்றால் வரிசையில் நிற்பார். இலங்கையின் அமைப்பு இந்த ஒரு விஷயத்தில் மேல். 1979இல் சட்டம் வழியே வந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் அடித்தளம் கிராமத்து இளைஞர் கழகம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரையும் கழகத்தாரே தெரிவு செய்கிறார்கள். ‘யொவுன்புர’ என்ற பெரிய பாசறைக்குப் போகிறவர் ஒரு கழகத்தின் உறுப்பினராகப் போகிறார். அரசியல்வாதிகளின் கை நுழைகிறது என்ற முணுமுணுப்பு அங்கேயும் உண்டு. இருந்தாலும் தேர்தலில் தோற்றுப் பழகியவருக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

அதே நாடுதான் 2011 மே மாதம் பல்கலைக்கழகம் போகவிருந்தவர்களை இராணுவ முகாம்களுக்கு அனுப்பி மூன்று வாரம் ‘தலைமைத்துவப் பயிற்சி’ கொடுத்தது. முதல் அணியில் ஏறத்தாழ 10,000 பேர். போர் முடிந்து இரண்டே வருடம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அந்த வாசலில் என்ன நம்பிக்கை பிறந்திருக்கும்? அதே மே மாதம் 30ஆம் தேதி, 1978 முதல் இயங்கும் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் இளம் தொழிலாளர்கள் ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துத் திரண்டார்கள். பொலிஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். மசோதாவை அரசு கைவிட்டது. இந்தத் தலைமையை எந்தப் பாசறையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் அப்படி ஒன்று நடந்தது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சானதில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் 150 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். கூட வேலை பார்த்தவர்கள் சுங்குவார்சத்திரத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். கல்லூரிக்குப் போனவளுக்கு ஏழு நாள் சமையல் குழு கிடைக்கிறது. பிளஸ் டூ முடித்து ஆலைக்கு வந்தவளுக்கு அதே வயதில் தன் தட்டில் விழுவதைப் பற்றிக் கேட்கக்கூட ஓர் இடம் இருக்கவில்லை. கட்டுநாயக்கப் பெண்கள் போர்டிங் அறைகளில் நெருக்கியடித்துத் தங்குகிறார்கள், வசதி குறைவு. ஆனால் அரிசி, பருப்பு வாங்கிச் சமைப்பது அவர்கள் கையில் இருக்கிறது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அதே ஆலைப் பெண்களுக்கென 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஷிப்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஏழு நாள் முகாமுக்கு லீவு யாரும் தரப்போவதில்லை. அதனால் முகாமை விடுதிக்குள்ளேயே கொண்டுபோகலாம்: தளத்துக்கு இரண்டு பேரென அங்கே தங்குகிற பெண்களே தேர்ந்தெடுக்கும் உணவுக் குழு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுதேர்தல், கொள்முதல் கணக்கைப் பார்க்கும் உரிமை. பயிற்சி கொடுக்கிறவர்கள் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறார்கள்.