பினோத் பிஹாரி: பார்வை போவதற்கு முன்னால்

பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நேராக 1957க்குப் போய்விடுகிறார்கள். கண் அறுவை சிகிச்சை, முழுப் பார்வையிழப்பு, அதற்குப் பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்த படங்கள். 1972இல் சத்யஜித் ராய் எடுத்த ஆவணப்படத்தின் தலைப்பே 'தி இன்னர் ஐ'. மாணவர் தன் ஆசிரியருக்குச் செய்த மரியாதை, நல்ல படம்தான். ஆனால் அகக்கண் என்று சொல்லிவிட்டால் ஓவியத்தைப் பார்க்கும் வேலை நமக்கு மிச்சமாகிவிடுகிறது, இல்லையா?

எனக்கு அவர் சாந்திநிகேதன் ஹிந்தி பவனத்தின் சுவர்தான். 1946-47. ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் என்று பக்தி மரபின் ஆட்கள், இடையிடையே சாதாரண சனம். யாரும் தனிப்படமாக நிற்பதில்லை. ஆறு மாதிரி ஒருவரிலிருந்து இன்னொருவருக்குக் கோடு ஓடுகிறது. சுவரளவு முன்வரைவு கிடையாது. ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் வரைஞ்சு முடிக்கணும், தப்பினால் பூச்சையே பெயர்க்கணும். அன்டூ பட்டனை நம்பிப் பிழைக்கிற எனக்கு நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இத்தனைக்கும் சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஒரு கண் தெரியாது, மற்றதில் கடும் கிட்டப்பார்வை. எட்ட நின்று முழுச் சுவரையும் எவ்வளவு பார்த்திருப்பார்? பக்கத்துப் பக்கமாக, கை போன வழியில்தான் அதைக் கட்டியிருக்க வேண்டும். பார்வை போனபின் கலா பவனத்திலேயே மறுபடி பாடம் நடத்தினார். 1972இல் அங்கே ஓட்டுச் சில்லுகளால் ஒரு சுவரும் செய்தார். அதை அதிசயம் என்கிறார்கள். ஹிந்தி பவனத்தில் பழகிய அதே கைதான் அது.