பொதுவிதி முன்னே, புறனடை பின்னே

ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் முன்பு ஐபிஃபில்டர் என்ற ஃபயர்வால் இருந்தது. உரிமத் தகராறு வந்ததும் 2001-இல் அதை நீக்கிவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப டேனியல் ஹார்ட்மையர் எழுதியதுதான் பிஎஃப். அதே ஆண்டு டிசம்பரில் 3.0 பதிப்போடு வெளிவந்தது.

என்னைக் கட்டிப்போட்டது அதன் மொழி. விதிக்கோப்பில் முதல் வரி 'பிளாக் ஆல்': எல்லாவற்றையும் தடு. அடுத்த வரியில் 22-ஆம் போர்ட்டுக்கு மட்டும் 'பாஸ்'. பாக்கெட் மேலிருந்து கீழே எல்லா விதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, கடைசியாகப் பொருந்திய விதியே செல்லும். இடையிலேயே முடிவு வேண்டுமென்றால் 'குயிக்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். முதலில் பொருந்தும் விதியே செல்லும் லினக்ஸின் ஐபிடேபிள்ஸில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். நம் இலக்கண நூல்களைப் படித்தவர்களுக்கோ இது பழகிய ஒழுங்கு. பொதுவிதி முன்னே வரும், புறனடை பின்னே வரும்.

முகவரிகளைப் பட்டியலாக வைத்துக்கொள்ளும் டேபிள் வசதி இன்னும் அழகு. கடவுச்சொல்லை ஊகிப்பவர்களைப் பிடிக்க, ஒரு முகவரி 30 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் இணையக் கூடாது என்று ஒரு வரம்பு வையுங்கள். வரம்பு மீறிய முகவரியை விதியில் உள்ள 'ஓவர்லோடு' என்ற சொல் தானாகவே டேபிளில் சேர்த்துவிடும். டேபிளில் உள்ளவர்களைத் தடுக்க மேலே ஒரு 'குயிக்' விதி. ஆயிரக்கணக்கில் முகவரிகள் சேர்ந்தாலும் கோப்பில் ஒரு எழுத்துகூட மாற வேண்டியதில்லை. இவ்வளவையும் ஒரே பக்கத்துக்குள் எழுதி முடிக்கலாம், ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும்.

தொலைவிலுள்ள சர்வரில் விதிகளை ஏற்றும் முன், பிஎஃப்-ஐ இயக்கும் பிஎஃப்சிடிஎல் கட்டளையை '-என்' சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எதையும் ஏற்றாமல், தொடரியல் பிழை எந்த வரியில் என்று சொல்லிவிடும்.