உயர்வு என்றால் வகுப்பை விட்டுப் போவதா?

ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவருக்குப் பதவி உயர்வு இல்லை என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து யார் உயரலாம் என்பதே பேச்சு. பணிமூப்பே நியாயம் என்று வாதாடுவோரும், உயர்ந்தவர் எங்கே போய்ச் சேருகிறார் என்று கேட்பதில்லை.

பணிமூப்பு சிபாரிசுக்குக் கதவடைக்கிறது. அது பெரிய நன்மை. பத்து, இருபது ஆண்டுகள் ஒரே பதவியில் இருந்தால் தேர்வுநிலை, சிறப்புநிலை ஊதியமும் உண்டு. ஆனால் அந்த ஊதியம் தேக்கத்துக்குத் தரும் ஆறுதல்தான்.

2023 பத்தாம் வகுப்புத் தேர்வில் 97.67 விழுக்காட்டுடன் பெரம்பலூர் மாவட்டம் தமிழ்நாட்டில் முதலிடம். 2024-இல் 97.31 பெற்று அரியலூர் முதலிடம். 2025 பிளஸ் டூவிலும் அரியலூரே, 98.82. பின்தங்கியவை என்றே பேசப்பட்ட இரண்டு மாவட்டங்களை வகுப்பறைகளே இந்த இடத்துக்குக் கொண்டுவந்தன. அந்த வகுப்பறையில் நின்றவரின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் வந்ததும் அவர் தலைமையாசிரியர் ஆகிறார். பிறகு எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு, கழிப்பறைப் பழுது, முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டம். இருபது ஆண்டுகளில் கூடிய கற்பிக்கும் திறன் முதிரும் நேரத்தில் அதைக் கைவிடச் சொல்கிறோம். தலைமையாசிரியரும் பாடம் எடுக்கலாமே என்பார்கள். விதி இடம் தரும். அவருடைய நாள் இடம் தராது.

மருத்துவத்தில் இப்படி இல்லை. 2022-இல் தொடங்கிய அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானவரும் வார்டுக்கு வருகிறார்; மூத்தவர் என்பதாலேயே சிக்கலான நோயாளி அவரிடம் அனுப்பப்படுகிறார். மத்திய அரசு மருத்துவர்களுக்கு 4, 9, 13, 20 ஆண்டுகளில் காலியிடம் பாராமல் உயர்வு கிடைக்கிறது. தமிழக மருத்துவர்கள் காலமுறை ஊதிய உயர்வுக்கான அரசாணை 354-ஐ முன்வைத்துப் போராடுவதும் வைத்தியம் பார்த்துக்கொண்டே உயரத்தான். சிமெண்ட் ஆலையில் மேலாளராகும் பொறியாளர் சூளையை விட்டு மேசைக்குப் போவது உண்மை. அவர் விட்டுச்செல்வது இயந்திரத்தை. ஆசிரியர் விட்டுச்செல்வது பிள்ளைகளை.

பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து வகுப்பிலேயே தங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பற்றுக்கு அரசு வைத்திருக்கும் பரிசு ஊதிய இழப்பு.

தலைமையாசிரியருக்கு இணையான ஊதியத்தில், பாடம் நடத்தவும் இளைய ஆசிரியர்களைப் பழக்கவும் ஒரு மூத்த பதவியை அரசு உருவாக்க வேண்டும். நிர்வாகத்தை விரும்புகிறவர் பயிற்சி பெற்று அந்த வழியில் போகட்டும். நன்றாகக் கற்பித்ததற்குப் பரிசாகக் கற்பிப்பதையே பறிக்கும் முறையை நியாயம் என்று சொல்ல எந்தப் பட்டியலுக்கும் தகுதியில்லை.