கேமராவுக்கு முன்னால் மைக்

யூடியூபில் வீடியோ போடுகிறவர்கள் நடுவே இரண்டு பேச்சுகள் நெடுநாளாக உலவுகின்றன. நல்ல கேமரா இல்லாததால்தான் சேனல் வளரவில்லை என்பது ஒன்று. திறமை இருந்தால் கையில் உள்ள போனே போதும் என்பது மற்றொன்று. முதல் பேச்சு பல நேரம் சாக்கு. இரண்டாவதை மேடையேறிச் சொல்கிறவர்களின் பின்னால் பார்த்தால், மூன்று லைட்டும் இரண்டு கேமராவும் நிற்கும். வாங்க முடிந்தவர் வாங்க முடியாதவருக்குச் சொல்லும் ஆறுதலை அப்படியே நம்பிவிட முடியாது.

போனே போதும் என்பவர்கள் உடனே காட்டும் உதாரணம் வில்லேஜ் குக்கிங் சேனல். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பித் தாத்தாவும் அவருடைய பேரன்மாரும் 2018-இல் தொடங்கியது. 2021-இல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல். வயல்வெளியும் விறகடுப்பும் பெரிய அண்டாவும்தான் கண்ணில் படுகின்றன, அதனால் கருவியே இல்லாமல் வளர்ந்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு வீடியோவை நிதானமாகப் பாருங்கள். படம் ஆடாது. பகல் வெளிச்சத்தில்தான் சமையல். அம்மியில் மசாலா அரைபடும் சத்தமும் எண்ணெயில் வெங்காயம் விழும் சத்தமும் தெளிவாக வந்து சேரும். அவர்களுக்கு ஸ்டுடியோ விளக்கு தேவைப்படாமல் போனதற்குக் காரணம் வெயில். அந்த வெயிலும் ஒரு கருவிதான். விலை மட்டும் இல்லை.

தூத்துக்குடி மீனவன், உங்கள் மீனவன் மூக்கையூர் போன்ற கடலோர சேனல்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. ஆழ்கடலில் வலை இழுக்கும் படகில் நின்று பேச அந்தத் தொழில் தெரிந்தவரால்தான் முடியும். அந்த இடத்தில் எந்தக் கேமரா என்று யாரும் கேட்பதில்லை. யூடியூபும் கேட்பதில்லை. விளம்பர வருமானத்துக்கு அது 2018-இல் வைத்த அளவுகோல் 1,000 சந்தாதாரர்கள், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை. ஆள் எவ்வளவு நேரம் நின்று பார்த்தார் என்பதுதான் கணக்கு.

ஆனால் ஆள் ஏன் நிற்காமல் போகிறார்? கருவி தடையாகும் இடம் அங்கேதான் இருக்கிறது. மங்கலான படத்தைத் தமிழ் ரசிகர் பொறுத்துக்கொள்வார். திருட்டு விசிடி காலத்தைத் தாண்டி வந்தவர்கள் நாம். பேச்சு காதில் விழவில்லையென்றால் பத்தாவது நொடியில் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும்.

சங்கரன்கோவில் பக்கம் மேலநீலிதநல்லூரில் இருந்து ஒருவர் சேனல் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் கையில் எல்லாம் ஓரளவு நல்ல போன் இருக்கும் காலம் இது. இந்த வட்டாரத்தின் பெரிய சொத்து பேச்சு. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கென்று தனி அகராதியே தொகுக்கும் அளவுக்குச் சொல்வளம் உள்ள மண். திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் மழை பொய்த்த கதையைச் சொன்னால் அரைமணி நேரம் எழுந்திருக்க மனசு வராது. அதே பெரியவரை ஆடி மாதத்தில் வெளியே வைத்துப் பேச வைத்துப் பாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் தென்மேற்குக் காற்று தேவர்குளம், ஊத்துமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுத்தான் ஓயும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பேச்சு பறந்துவிடும். போனின் மைக் துளையில் காற்று மோதும்போது வரும் இரைச்சலை எடிட்டிங்கில் முழுசாக எடுக்க முடியாது. இரைச்சலை எடுத்தால் குரலும் கூடவே தேய்ந்து போகும்.

கணக்கு எளியது. வாயிலிருந்து அரை மீட்டரில் இருக்கும் மைக்கை இரண்டு மீட்டருக்குத் தள்ளினால், திறந்தவெளியில் அதை வந்தடையும் குரலின் வலு பதினாறில் ஒரு பங்காகிவிடும். காற்றின் இரைச்சலோ குறையாது. ஒரு காலர் மைக்கும் அதன்மேல் மாட்டும் பஞ்சு உறையும் செய்யும் வேலையை லட்ச ரூபாய்க் கேமரா செய்யாது. ஷான் பேக்கர் 2015-இல் வெளியிட்ட ‘டேஞ்சரின்’ படம் ஐபோன் 5எஸ்-இல் எடுக்கப்பட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் ஒலியைத் தனி மைக்குகள் வைத்துத்தான் பதிந்தார்கள் என்பதை அநேகமாக யாரும் சொல்வதில்லை.

அடுத்து வெளிச்சம். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவில் சங்கரநாராயணர் காட்சி மாலையில், சங்கரலிங்கர் காட்சி இரவில். முதலாவது போனில் ஒப்பேறிவிடும். இரண்டாவது புள்ளி புள்ளியாகத்தான் வரும். போனின் சின்னஞ்சிறு சென்சாருக்கு அதற்கு மேல் திராணி இல்லை. இங்கே கருவி உண்மையாகவே வேலி போடுகிறது. வீட்டுக்குள் எடுப்பதற்கு அப்படி இல்லை. ‘அபராஜிதோ’ படத்துக்கு (1956) ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா ஸ்டுடியோவில் போட்ட காசி வீட்டு முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்ப விட்டு, இயற்கை வெளிச்சம் போலவே ஆக்கினார். நம் வீட்டுக் கொடியில் வேட்டி கிடக்கிறது.

யாரும் கருவி என்று எண்ணாத ஒன்று இணைய இணைப்பு. யூடியூப் பரிந்துரைக்கும் அளவில் 10 நிமிட 1080பி வீடியோ சுமார் 600 எம்பி. அதுவே 4கே என்றால் 3 ஜிபி ஆகிவிடும். நாளுக்கு 2 ஜிபி ரீசார்ஜ் போட்டிருப்பவர் 4கே கேமரா வாங்கினால், ஒரு வீடியோவை ஏற்ற ஒரு நாள் டேட்டா பற்றாது. பார்க்கிறவரும் அதே 2 ஜிபிக்காரர்தான், சின்னத் திரையில், தானாகக் குறைந்துகொள்ளும் தரத்தில் பார்க்கிறார். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பெரிய டிவியில் பார்க்கிறவர்கள் உண்டு; அவர்கள் சேனலைத் தேடி வரும்போது தரத்தை உயர்த்திக்கொள்ளலாம்.

பெரிய கேமராவுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. அதைக் கண்டதும் நம் ஊர் ஆட்கள் விறைத்துக்கொள்வார்கள். வழக்குப் பேச்சு ஓடி ஒளிந்து, டிவி செய்தித் தமிழ் வந்துவிடும். போனைப் பார்த்தால் அப்படி ஆவதில்லை. பேச்சை நம்பித் தொடங்கும் சேனலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கச்சேரி, பறவை, வானம் என்று எடுப்பவர்கள் கதை வேறு: நல்ல ஒலிப்பதிவும் நீள லென்ஸும் இல்லாமல் அவர்களால் ஓர் எல்லைக்கு மேல் போகவே முடியாது. அவர்களிடம் போன் போதும் என்று சொல்வது அநியாயம்.

மற்றவர்கள் மாதத் தவணையில் கேமரா வாங்கி, தவணை கட்டுவதற்காக வீடியோ போடும் நிலைக்கு வர வேண்டாம். முதல் பணத்தில் காற்று உறையோடு ஒரு மைக், அடுத்ததில் ஒரு ட்ரைபாட். கேமராவைச் சேனலின் சொந்த வருமானத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.