தெனாலியின் பயமும் தீராத சந்தேகமும்

மனநோய் என்றதும் நம்ம மாணவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சினிமாதான். கே.எஸ். ரவிகுமார் இயக்கி 2000-இல் வந்த 'தெனாலி'யை டிவியில் போட்டால் இன்றும் குடும்பமே உட்கார்ந்து பார்க்கும். அதனால்தான் அந்தப் படத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். கமல்ஹாசன் நடித்த ஈழத்து இளைஞனின் பயத்தைப் படம் நடிப்பு என்றோ, காத்துக் கருப்பு என்றோ சொல்லவில்லை. போரின் காயம் என்கிறது, டாக்டரிடம் அனுப்புகிறது. அது பெரிய விஷயம்.

குறை எங்கே? தெனாலிக்கு எதைக் கண்டாலும் பயம். அந்தப் பட்டியல் நீள நீள நமக்குச் சிரிப்பு. பயம் என்றால் இப்படித்தான் வெளியே தெரியும் என்று பழகிய கண்ணுக்கு, ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோய் தெரியாமலே போய்விடும். இங்கே பெரும்பாலும் பட்டியல் கிடையாது. ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வரும். அடுப்பை அணைச்சேனா? கை சுத்தமா? போய்ப் பார்த்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு மறுபடியும் அதே கேள்வி. இது அளவுக்கு மீறியது என்று பலருக்கும் தெரியும். அந்த வெட்கத்தில் மறைத்துவிடுவார்கள்.

மூளையில் என்ன நடக்கிறது? கண்ணுக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதி 'ஏதோ தப்பு' என்று எச்சரிக்கும். உள்ளே இருக்கும் காடேட் என்ற பகுதி அந்த எச்சரிக்கையை வடிகட்ட வேண்டும். வடிகட்டல் சரியில்லை என்றால், எச்சரிக்கை தலாமஸ் வழியாக மீண்டும் முன்மூளைக்கே போய்ச் சுற்றும். 'சரி, முடிந்தது' என்ற உணர்வு வராது. 1992-இல் அமெரிக்காவில் பேக்ஸ்டர் குழு வெளியிட்ட ஆய்வில், மருந்தால் குணம் கண்டவர்களுக்கும் நடத்தைப் பயிற்சியால் குணம் கண்டவர்களுக்கும் காடேட்டின் மிகையான வேலை குறைந்திருந்தது. பயிற்சியும் மூளையை மாற்றும் என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

படத்தில் தெனாலியைத் தேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓ.சி.டி.யில் 'ஒன்னுமில்லப்பா, எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று பத்து முறை சொல்வதும் இன்னொரு கை கழுவல் ஆகிவிடும். சந்தேகத்தை எதிர்கொண்டு, சரிபார்க்காமல் பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்குவதே சிகிச்சை.

ஜாசினில் தோட்டப் பள்ளியோ, மலாக்கா டவுன் பள்ளியோ, தாள் கிழியும்வரை அழித்து அழித்து எழுதும் பிள்ளையைக் கவனியுங்கள். சோதனையில் முதல் கேள்வியைத் தாண்ட முடியாத பிள்ளையையும் கவனியுங்கள். 'சோம்பேறி', 'ரொம்ப சுத்தக்காரி' என்று முத்திரை குத்த வேண்டாம். கவுன்சலிங் ஆசிரியரிடம் சொல்லுங்கள். பெற்றோர் கோயிலுக்குப் போகட்டும், அதோடு அரசாங்க கிளினிக்குக்கும் போகச் சொல்லுங்கள். அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

மாணவர்களே, கட்டுரையில் 'தெனாலி'யை உதாரணம் காட்டினால் பயத்துக்கு மட்டும் காட்டுங்கள். ஓ.சி.டி. என்று எழுதினால் மூன்றும் வர வேண்டும்: விடாத எண்ணம், அதனால் பதற்றம், பதற்றம் தணியச் செய்யும் செயல். மேசையை அடுக்கி வைப்பது நல்ல பழக்கம். அடுக்காமல் இருக்க முடியாமல் தவிப்பதுதான் நோய்.