பூட்டானின் வாசல் கட்டணம்

பூட்டான் நமக்குப் பக்கத்து நாடு. ஆனாலும் அதைப் பற்றிக் கேட்டால், மொத்த மகிழ்ச்சியை அளக்கும் நாடு என்பதற்கு மேல் சொல்லப் பலரிடம் எதுவும் இருக்காது. இப்படி அதிகம் அறியப்படாமல் இருப்பது அந்த நாடே விரும்பித் தேடிக்கொண்டது. 1974இல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தபோதே, குறைவான பேர் வரட்டும், வருகிறவர்கள் நிறையச் செலவழிக்கட்டும் என்ற வழியில்தான் அது நடக்கத் தொடங்கியது. ஐம்பது ஆண்டு கடந்த அந்தக் கொள்கை எதைக் காத்தது, எதைத் தவறவிட்டது என்று எடைபோடும் நேரம் இது.

முதலில் கணக்கு. 2022 செப்டம்பரில் கொரோனாவுக்குப் பின் எல்லையைத் திறந்த பூட்டான், நிலைத்த வளர்ச்சிக் கட்டணத்தை ஓர் இரவுக்கு 65 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தியது. மறு ஆண்டே அதை 100 டாலராகக் குறைத்தது. இந்தியர்களுக்கு 1,200 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு அதில் பாதி. அந்த வயதில் இரண்டு பிள்ளைகளோடு போகும் பெற்றோர், ஆறு இரவுகளுக்கு 21,600 ரூபாயைக் கட்டணமாக மட்டும் கட்ட வேண்டும். அறை வாடகை, சாப்பாடு, வண்டி எல்லாம் தனி.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? போப்ஜிகா பள்ளத்தாக்கைப் பார்த்தால் விடை தெரியும். குளிர்காலத்தில் திபெத்திய பீடபூமியிலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் அங்கே வந்து இறங்குகின்றன. பறவைகள் மோதி விழாமலிருக்க, அந்தப் பள்ளத்தாக்கில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதித்திருக்கிறார்கள். நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 60 விழுக்காடு எக்காலமும் காடாக இருக்க வேண்டும் என்று 2008இல் வந்த அரசியலமைப்பே சொல்கிறது. 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புயென்சும் சிகரத்தில் இதுவரை யாரும் ஏறியதில்லை. மலைகளின் புனிதம் கருதி 2003இல் மலையேற்றத்தையே தடைசெய்துவிட்டார்கள். எவரெஸ்ட்டை வைத்து நேபாளம் ஈட்டும் வருவாயைப் பார்த்துக்கொண்டே எடுத்த முடிவு இது. காசு பறிக்கத்தான் கட்டணம் என்று குற்றம்சாட்டுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாரோவின் தக்ட்சாங் மடாலயம் இன்னொரு சான்று. பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கோயில். பைன் காட்டின் ஊடே மூச்சு வாங்க ஏற வேண்டும். குதிரை பாதி வழிவரைதான்; மீதித் தூரத்தை யாராக இருந்தாலும் நடந்துதான் கடக்க வேண்டும். வாசலில் பை, கேமரா, கைப்பேசி எல்லாவற்றையும் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். கம்பிவட ஊர்தி போட்டிருந்தால் கூட்டம் பெருகியிருக்கும். பிரார்த்தனை அறைக்குள் இருக்கும் அமைதி போயிருக்கும்.

இவ்வளவு நிறைகள் இருந்தும், கொள்கையின் அடித்தளத்தில் ஒரு கோளாறு உண்டு. அது பயணியின் பணப்பையை எடைபோடுகிறது. பண்பை எடைபோட அதனிடம் கருவி இல்லை. 2019இல் 3 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பூட்டானுக்கு வந்தார்கள். அவர்களில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் அப்போது கட்டணமே இல்லாமல் நுழைந்த இந்தியர்கள். அந்த ஆண்டுதான் தோச்சு லா கணவாயில் இந்தியர் ஒருவர் புனிதத் தூபியின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டு, பெரும் கண்டனத்துக்கு ஆளானார். இந்தியர்களுக்கும் கட்டணம் வேண்டும் என்ற குரலுக்கு இது வலுச்சேர்த்தது. கட்டணம் கூட்டத்தைக் குறைக்கும், அடக்கத்தைக் கற்றுத்தராது. மரியாதையோடு நடக்கக்கூடிய ஆசிரியரையும் மாணவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, வசதியுள்ள முரடரை உள்ளே விடவும் அதே கட்டணத்தால் முடியும்.

இதைவிடப் பெரிய குறை, கட்டணத்தை இரவுக் கணக்கில் வாங்குவது. ஒவ்வொரு கூடுதல் இரவும் செலவு என்றால் பயணி என்ன செய்வார்? விமானம் இறங்கும் பாரோ, தலைநகர் திம்பு, இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் கோட்டை நிற்கும் புனாகா என்று மேற்கிலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார். பட்டு நெசவுக்குப் பேர்போன லுயென்ட்சேயும் கிழக்கின் டிராஷிகாங்கும் மலைச்சாலையில் நாள்கணக்கில் போக வேண்டிய ஊர்கள். வருமானம் மிகவும் தேவைப்படும் பகுதிகளுக்குப் பயணி போகாதபடி, கட்டணமே மறைமுகமாகத் தடுக்கிறது. நின்று நிதானமாகப் பார்ப்பவர்தான் ஒரு நாட்டைக் கொஞ்சமாவது புரிந்துகொள்வார். இங்கே தண்டம் கட்டுபவரும் அவர்தான்.

மூன்றாவது குறை, காட்டப்படும் சித்திரத்தைப் பற்றியது. வழிகாட்டியோடு போகும் பயணியின் கண்ணில் கோட்டைகளும் முகமூடி நடனங்களும் படும். 1990களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் ஒரு லட்சம் பேர் அளவுக்கு அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு நேபாள முகாம்களில் அகதிகளாக வாழ்ந்த வரலாறு படாது. வேலை தேடி ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருக்கும் இன்றைய இளைஞர்களின் கவலையும் எளிதில் காதில் விழாது. மகிழ்ச்சியின் நாடு என்ற விளம்பரத்தை அப்படியே நம்புவது பயணியின் சோம்பல். அதை மட்டுமே விற்பது அரசின் சாமர்த்தியம்.

கட்டணத்தை ஏற்றியதும் உடனே பாதியாகக் குறைத்ததும், சரியான அளவு எது என்று பூட்டானே தேடிக்கொண்டிருப்பதைக் காட்டுகின்றன. 2023இல் வந்தவர்கள் 2019இல் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்தார்கள். விடுதி நடத்துபவருக்கும் வழிகாட்டிக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் அது பிழைப்புப் பிரச்சினை. கொள்கையின் தூய்மைக்கான விலையை அவர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் ஆகாது.

கட்டணம் வாங்குவது சரி. வாங்கும் முறை சரியில்லை என்பதே என் முடிவு. முதல் சில இரவுகளுக்கு முழுக் கட்டணம், அதன் பிறகு படிப்படியாகக் குறைவு, கிழக்கு மாவட்டங்களில் தங்கும் இரவுகளுக்கு விலக்கு என்று மாற்றினால், காடும் பிழைக்கும், கிராமமும் பிழைக்கும். அதுவரை, போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ கையில் இருந்தால் இந்தியருக்குப் போதும், விசா வேண்டாம். இந்தச் சலுகையைப் படம் எடுக்கும் அவசரத்தில் வீணாக்காதீர்கள். நான்கு ஊர்களைத் தொட்டுவிட்டு ஓடி வருவதைவிட ஒரே பள்ளத்தாக்கில் கூடுதலாக இரண்டு இரவு தங்குங்கள். மிளகாயையே காய்கறியாகப் போட்டுப் பாலாடைக்கட்டியோடு சமைக்கும் எமா தட்ஷியைச் சிவப்பரிசிச் சோற்றோடு சாப்பிடுங்கள். சமைத்துத் தந்தவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்.