முடிவு தெரிந்த சண்டை

தொண்ணூறுகளில் திருச்சியில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் 'டிரம்ப் கார்டு' என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். பெட்டிக்கடையில் விற்ற மல்யுத்த வீரர் சீட்டுக்கட்டு அது. ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ஆடிய சண்டை, ஜெயித்த சண்டை என்று ஒவ்வொரு சீட்டிலும் கணக்கு அச்சாகியிருக்கும். ரேங்க் தவிர மற்றதில் எண் பெரியதென்றால் எதிராளியின் சீட்டு உங்கள் கைக்கு வந்துவிடும். அந்தத் தலைமுறையில் இன்றும் மல்யுத்தத்தை விடாதவர்கள் உண்டு. அவர்களில் சிலர் ஒரு படி மேலே போய், கணினியில் சொந்தமாக ஒரு மல்யுத்தக் கம்பெனியையே நடத்துகிறார்கள்.

அதற்கென்றே இருக்கும் விளையாட்டுகளில் பேர்பெற்றது ஆடம் ரைலண்ட் உருவாக்கிய 'டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங்'. திரையில் அடிதடி எதுவும் தெரியாது. முழுக்க எழுத்தும் அட்டவணையும்தான். ஆடுபவர் மேடை ஏறும் வீரர் அல்ல, 'புக்கர்'. யாரை யாரோடு மோதவிடுவது, யார் ஜெயிப்பது, சாம்பியன் பெல்ட் யார் இடுப்பில் எத்தனை மாதம் இருப்பது, எந்தப் பகை எங்கே முடிவது என்று தீர்மானிப்பதுதான் ஆட்டம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் விழும்.

புதிதாக உட்காருகிறவர்கள் செய்யும் பிழை, பழைய சீட்டுக்கட்டுக் கணக்கை இங்கேயும் கொண்டுவருவது. பெரிய எண்ணும் பெரிய எண்ணும் மோதினால் பெரிய சண்டை என்று நினைத்து, முதல் வாரமே சாம்பியனையும் பரம எதிரியையும் மோதவிடுவார்கள். இரண்டாம் வாரமும் அதே ஜோடி. மூன்றாம் மாதத்தில் மக்களுக்குக் காட்டப் புதிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இந்தக் கலைக்குப் பாடம் தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. முடிவு எல்லோருக்கும் தெரிந்த ஒரு சண்டையை ஆண்டுதோறும் நடத்தி, அதற்காகப் பெருங்கூட்டத்தை மணிக்கணக்கில் நிற்கவைக்கும் ஊர் காவிரிக்கு அந்தக் கரையில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்துப் பங்குனி உத்திரத்தின் பிரணய கலகத்தை, பெருமாளுக்கும் ரங்கநாயகித் தாயாருக்கும் நடக்கும் ஊடலைத்தான் சொல்கிறோம். அடியார்களுக்கு அது நாடகமல்ல, வழிபாடு, பெருமாளின் லீலை. அந்த மரியாதை குறையாமல், அதைக் கோத்திருக்கும் நேர்த்தியை மட்டும் இங்கே பார்க்கலாம்.

பங்குனித் திருவிழாவின் ஆறாம் நாள், ஆயில்ய நட்சத்திரத்தில், உற்சவரான நம்பெருமாள் பல்லக்கில் காவிரியைக் கடந்து உறையூர் நாச்சியார் கோயிலுக்கு எழுந்தருளுகிறார். அன்று அங்கிருக்கும் அவர் துணைவி கமலவல்லி நாச்சியாரின் திருநட்சத்திரம். இருவரும் ஒன்றாக அமர்ந்து காட்சி தரும் சேர்த்தி சேவை நடக்கிறது. பிறகு பெருமாள் ஊர் திரும்பிவிடுகிறார். சண்டைக்கான காரணம் இங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் சண்டை அன்றைக்கு இல்லை. ஆயில்யம், மகம், பூரம் என்று நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து உத்திரம் வரவேண்டும். ஒன்பதாம் நாள்தான் ரங்கநாயகித் தாயார் சந்நிதியின் கதவு சாத்தப்படும்.

அந்த இடைவெளிதான் நல்ல புக்கரின் கையெழுத்து. குற்றத்துக்கும் கணக்குத் தீர்ப்பதற்கும் நடுவில் ஊர் பேசிக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். நாள் கூடினால் கோபம் ஆறிப்போகும், குறைந்தால் முற்றாது. விளையாட்டில் ஒரு பகையைத் தொடங்கும்போது முதலில் குறிக்க வேண்டியது முடியும் தேதியை. அதிலிருந்து பின்னோக்கி நடந்து வந்தால்தான் எந்த வாரம் எதைக் காட்டுவது என்பது தெளியும். ஸ்ரீரங்கத்தில் உத்திரம் என்ற கடைசிப் புள்ளி அசையாதது. மற்ற நாட்கள் அதற்கு முன்னால் தம் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

அடுத்தது காரணத்தின் அளவு. உலகத்தை ஆளும் உரிமைக்கா இங்கே சண்டை? சொல்லாமல் போனது, நேரம் கழித்து வந்தது, திருமேனியில் தெரியும் அடையாளங்கள், காணாமல் போன கைமோதிரம். எந்த வீட்டு வாசலிலும் நடக்கக்கூடிய தகராறு. பெருமாள் சமாதானம் சொல்லச் சொல்லத் தாயார் மறுக்கிறார். இரண்டு தரப்பின் பேச்சையும் ஆட்கள் நின்று வாசிக்கிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. பல்லக்கு முன்னேறுகிறது, பின்வாங்குகிறது, மறுபடி முன்னேறுகிறது. பூவும் பழமும் வெண்ணெயும் வந்து விழுகின்றன. மட்டையடி என்று பேர்; ஆனால் ஆயுதம் என்னவோ இவ்வளவு மென்மையானது. கடைசியில் நம்மாழ்வார் நடுவே வந்து சமாதானம் செய்துவைக்கிறார்.

யார் ஜெயித்தது என்று யாரும் கேட்பதில்லை. தோற்றவர் சிறுமைப்படாமல் ஒரு சண்டையை முடிப்பது மல்யுத்த மேடையில் மிக அரிதாகக் கைகூடுவது. கைகூடிய ஓர் இரவு உண்டு. 1988-இல் ராண்டி சாவேஜும் ஹல்க் ஹோகனும் கூட்டாளிகள். சாவேஜின் கூடவே வரும் மிஸ் எலிசபெத்தை முன்னிட்டு சாவேஜ் மனதில் சந்தேகம் புகுந்தது. 1989 ஏப்ரல் 2 அன்று, ரெஸில்மேனியா என்ற ஆண்டுப் பெருநிகழ்ச்சியின் ஐந்தாவது பதிப்பில், சாவேஜ் ஹோகனிடம் பெல்ட்டை இழந்தார். எலிசபெத்தும் பிரிந்தார். 1991 மார்ச் 24, லாஸ் ஏஞ்சல்ஸ். தோற்றவர் ஓய்வு பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு அல்டிமேட் வாரியரிடம் சாவேஜ் தோற்றார். அப்போது அவருக்குத் துணையாக இருந்த ஷெரி அவரையே உதைக்க, பார்வையாளர் பகுதியில் இருந்த எலிசபெத் ஓடிவந்து ஷெரியை வெளியே தள்ளினார். அதுநாள் வரை சாவேஜ் மேடைக்குள் நுழையக் கயிற்றை விரித்துப் பிடித்தவர் எலிசபெத். அன்று சாவேஜ் அவருக்காகக் கயிற்றைப் பிடித்தார். அரங்கத்தில் அழுதவர்கள் பலர். ஜெயித்த வாரியரைவிட, தோற்ற சாவேஜைத்தான் அந்த இரவின் நாயகனாக ரசிகர்கள் இன்றும் நினைக்கிறார்கள்.

மூன்றாவது பாடம் அருமைப்பாடு. ரங்கநாயகித் தாயாரைப் 'படிதாண்டாப் பத்தினி' என்பது ஊர் வழக்கு. அவர் வீதிக்கு எழுந்தருளுவதில்லை. நம்பெருமாளோடு சேர்த்தியில் அவரைக் காண்பது ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், பங்குனி உத்திரத்தன்று. வாரம் ஒருமுறை என்றால் இத்தனை கூட்டம் வருமா? மல்யுத்த மேடையிலும் காத்திருப்புக்கு இதே மதிப்புதான். ரோமன் ரெயின்ஸ் 2020 ஆகஸ்ட் 30 அன்று எடுத்த பெல்ட்டை 1,316 நாள் வைத்திருந்தார். 2023 ரெஸில்மேனியாவில் கோடி ரோட்ஸ் ஜெயிப்பார் என்று எல்லோரும் நம்பியபோது தோற்கவைத்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு, 2024 ஏப்ரல் 7 அன்று, ரோட்ஸ் ஜெயித்தபோது அந்தக் கொதிப்பெல்லாம் கரகோஷமாக மாறியது. ரெஸில்மேனியா இதுவரை பெரும்பாலும் நம் பங்குனி மாதத்திலேயே வந்திருக்கிறது என்பது தற்செயல்தான், ஆனாலும் நினைக்க இனிமையாக இருக்கிறது.

கெட்டவனை நல்லவனாக்குவதற்கும் இதே கோயிலில் உதாரணம் இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி ராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறி. தங்கக் குதிரை வாகனத்தில் நம்பெருமாள் மணல்வெளியில் வையாளி என்ற குதிரை ஓட்டம் கண்டருள, திருமங்கை மன்னன் வழிமறித்துக் கொள்ளையடிக்கிறார். அடியவர்களுக்கு அமுது படைக்கக் காசில்லாமல் களவுக்கு இறங்கியவர் அவர். வில்லனுக்கு இதைவிட நியாயமான காரணம் வேண்டுமா? அவரை யாரும் அடித்துத் திருத்தவில்லை. காதில் விழுந்த எட்டெழுத்து மந்திரம் திருத்தியது. ஆயிரங்கால் மண்டபம் இருக்கும் கோயிலின் நான்காம் சுற்றுக்கே அவருடைய இன்னொரு பெயரால் ஆலிநாடன் திருவீதி என்று பெயர்.

விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் நல்லவன் கெட்டவனாகிவிடுவான். அது மாற்றமே அல்ல. 1996 ஜூலை 7 அன்று டேடோனா பீச்சில் ஹோகன் கெட்டவராக மாறியபோது கூட்டம் மேடைக்குள் குப்பையை அள்ளி வீசியது. பத்தாண்டுக்கு மேல் அவரை நம்பியிருந்தார்கள்; அந்த நம்பிக்கைதான் குப்பையாக வந்து விழுந்தது. சேர்த்துவைத்த முதல் இல்லாமல் அப்படி ஒரு செலவைச் செய்ய முடியாது.

உச்சம் முடிந்தபின் இழுக்காமல் இருப்பதையும் கவனிக்க வேண்டும். உத்திரத்தன்று சேர்த்தி சேவை இரவு நெடுநேரம் நீள்கிறது. ராமானுஜர் இந்தச் சேர்த்தியின் முன்னால்தான் கத்யம் என்ற உரைநடைத் துதியை விண்ணப்பித்தார் என்பது மரபு. இன்றும் அது அங்கே சேவிக்கப்படுகிறது. பத்தாம் நாள் தேர். ஊரின் கவனம் வடத்துக்குப் போய்விடுகிறது. கோபத்தின் மிச்சம் எதையும் யாரும் கிளறுவதில்லை.

கணினியில் கம்பெனி நடத்தும் நண்பர்கள் அடுத்த பங்குனி உத்திரத்தன்று ஒரு நாள் அதை மூடிவைக்கட்டும். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, தாயார் சந்நிதி வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, அந்தக் கதவு எத்தனை நேரம் சாத்தியே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும்.